தாம்பரம் தாண்டி ஒரு மாணவி

'பீர்க்கன்கரணை' என்று சொன்னால் எதிராளி முதலில் முகத்தைச் சுருக்குவார். இரண்டாம் தடவை சொன்னால், "பீர்க்கங்காயா?" என்பார். மூன்றாம் தடவை நாமே தோல்வியை ஒப்புக்கொண்டு, "தாம்பரம் பக்கம் சார்" என்று சொல்லிவிட வேண்டியதுதான். "அப்படிச் சொல்லுங்க!" என்று அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

இத்தனைக்கும் இந்த ஊரைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறியவர்கள் ஜி.எஸ்.டி. ரோடில் தாம்பரம், இரும்புலியூர் தாண்டியதும் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போயிருப்பார்கள். பார்த்திருப்பீர்கள். கவனித்திருக்க மாட்டீர்கள். ஜன்னல் சீட் கிடைத்ததா, பெட்டி தலைக்கு மேலே பத்திரமா, முன் சீட்டுக்காரர் சாய்ந்துவிடுவாரா என்கிற கவலையில் ஊராவது, ஏரியாவது!

பக்கத்துப் பெருங்களத்தூருக்காவது ஒரு பெயர் இருந்தது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30-ம் தேதி புது பஸ் நிலையம் திறக்கிறவரை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் பாதி சென்னை அங்கேதான் மூட்டை முடிச்சோடு நடுரோட்டில் நிற்கும். டி.வி.யில் காட்டுவார்கள். பீர்க்கன்கரணையை அதற்குக்கூட யாரும் காட்டியதில்லை. 'கரணை' வகையறாவிலும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தால் பேர் வாங்கிவிட்டது. இங்கேயும் ரோட்டோரமாக ஓர் ஏரி இருக்கிறது. வாய்தான் இல்லை.

நான் குரோம்பேட்டைக்காரன். எலெக்ட்ரிக் ரயிலில் பெருங்களத்தூர் எனக்கு மூன்றாவது ஸ்டேஷன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவேன், அக்கா வீட்டுக்கு. அக்கா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். 'மிஸ்' என்று கூப்பிட்டால்தான் ஏரியாவில் வழி சொல்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை. இந்தக் கட்டுரைகூட ஏரியைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். அக்கா குறுக்கே வந்துவிட்டாள்.

நாற்பத்தொரு வயதில் அவள் மறுபடி மாணவியான கதை ஏரியை விடப் பெரியதாக இருந்தது.

* * *

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பதினைந்து நாள் என்று நினைத்தது நீண்டுகொண்டே போனது. தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டு வரை உள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. (இரண்டு நாள் கழித்து, நவம்பர் 3-ம் தேதி, பீர்க்கன்கரணைப் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. திங்கட்கிழமை பேரூராட்சி மாணவனாகப் பள்ளிக்குப் போன பையன், அதே வாரம் மாநகராட்சி மாணவனாகிவிட்டான். ஹோம்வொர்க் மட்டும் அதேதான்!)

நடுவில் எல்லாம் செல்போன்தான். அக்கா வீட்டு ஹாலில் ஒரு ஸ்டூல். அதன் மேல் எவர்சில்வர் டப்பா. டப்பாவின் மேல் அரிசி மூட்டை கட்டும் சணலால் கட்டிய போன். எதிரே சுவரில் கரும்பலகை. பின்னாலிருந்து குக்கர் விசில். "இப்ப நாம பின்னம் பார்க்கப் போறோம்" என்பாள் அக்கா. "மிஸ், உங்க வாய்ஸ் கட் ஆவுது" என்பார்கள் நாற்பது பேர்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வரவே இல்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம்... அக்கா அவன் அம்மாவுக்குப் போன் போட்டாள். கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னாள்: "உங்க பையனுக்குப் படிப்புல அக்கறையே இல்லைங்க. நீங்களும் கண்டுக்க மாட்டேங்கறீங்க."

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் நோட்டுப் புத்தகம் கொடுக்கிற சாக்கில் அவன் வீட்டுக்கே போனாள். ஏரியைத் தாண்டி ஒரு சந்து. வாசலில் ஒரு தண்ணி லாரி. அப்பா அதற்கு டிரைவர். வீட்டில் ஒரே போன். அது விடியற்காலையில் அப்பாவோடு லாரியில் கிளம்பி, ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் திரும்பி வரும். க்ளாஸ் காலை பத்து மணிக்கு!

ராத்திரி போன் வந்ததும் பையன், அக்கா குரூப்பில் போட்டு வைத்த பாட வீடியோவைப் பார்க்க உட்காருவான். நாற்பது நிமிஷ வீடியோ. அன்றைய டேட்டாவில் அப்பா மிச்சம் வைத்தது பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பாக்கி முப்பது நிமிஷத்தை மறுநாள் பார்க்கலாம் என்றால், மறுநாள் புதிதாக இன்னொரு நாற்பது நிமிஷம் வந்து நிற்கும். அவனுடைய நோட்டைக் காட்டினான். எல்லாப் பாடமும் முதல் கணக்கு வரைக்கும் இருந்தது. அதற்குக் கீழே காலியிடம்.

"நீங்க அன்னிக்கு சொன்னதை நினைச்சுக்கிட்டு இவன் ரெண்டு நாளு சரியா சாப்புடலை மிஸ்" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். கோபமாகக்கூட இல்லை. காபி கொடுத்துக்கொண்டே.

அக்கா என்னிடம் இதைச் சொன்னது ஏரிக்கரையில் வைத்துத்தான். "பதினஞ்சு வருஷ சர்வீஸ்டா. அவன் ஏன் வரலைனு எனக்குத் தோணவே இல்லை பாரு. நான் பாட்டுக்கு வீடியோ எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தேன், ஏதோ ஜெமினி ஸ்டூடியோ மாதிரி."

அன்றைக்கு ராத்திரியே நாற்பது நிமிஷத்தை நிறுத்தினாள். வெறும் குரல் மட்டும் பதிவு செய்து, நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாடம். கூடவே கையால் எழுதிய ஒரு கணக்கின் போட்டோ. பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. வீடியோ பார்க்க வசதியுள்ள பிள்ளைகளும், "மிஸ், இதுவே நல்லா புரியுது" என்றார்கள். அதுதான் அவளைக் குடைந்தது. ஏன் இது நன்றாகப் புரிகிறது? நான்கு நிமிஷம் என்பதாலா, முகம் தெரியாததாலா, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பதாலா?

"இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து யோசிச்சிருக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

யோசித்திருக்கிறார்கள். அதற்குக் கல்வித் தொழில்நுட்பம் என்று பெயர். அக்காவே பி.எட்.டில் அந்தப் பெயரில் கொஞ்சம் படித்தவள்தான். "என்ன படிச்சே?" என்று கேட்டேன். "ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் படம் வரைந்து பாகங்களைக் குறி. அஞ்சு மார்க்" என்றாள்.

* * *

எங்கே போய்ப் படிப்பது? ஒரு ஞாயிறு முழுக்க இரண்டு பேருமாகத் தேடினோம்.

ஐ.ஐ.டி. பம்பாயில் 2010-லிருந்து கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. படிக்கலாம். "நான் பவாய்ல படிச்சா, உங்க மாமா இங்க பட்டினியா?" என்று அதைத் தள்ளினாள். மும்பையிலேயே எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. அதுவும் மும்பைதான். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. ஆனால் திருச்சிக்குத் தினம் போய்வர முடியாது. பக்கத்துத் தரமணியில் 1964-ல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கானது.

கடைசியில் மிஞ்சியது 'இக்னோ' என்று எல்லோரும் கூப்பிடுகிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-ல் பிறந்தது. அங்கே கல்வியியல் எம்.ஏ.வில் கல்வித் தொழில்நுட்பத்தைச் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். வேலையை விட வேண்டாம். வீட்டிலிருந்தபடியே படித்து, அசைன்மென்ட் எழுதி, ஜூனிலோ டிசம்பரிலோ பரீட்சைக்குப் போனால் போதும்.

'போதும்' என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன்.

இந்த இடத்தில் என்னுடைய பங்கைச் சொல்லிவிட வேண்டும். நான் பி.காம். யார் எதைச் சொன்னாலும் மனசுக்குள் ஒரு கோடு போட்டு இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று எழுதுகிற ஜாதி. அக்காவுக்காக ஒரு வெள்ளைத்தாளில் நிஜமாகவே எழுதினேன். செலவு: கட்டணம், ஏறக்குறைய அவளுடைய ஒரு மாதச் சம்பளம். ரயில், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். அப்புறம் நேரம். அந்தப் பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் உள்ள ஒரே ஒரு பாடத்துக்கு 120 மணி. தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான்கு மாதம். இந்த மாதிரிப் பாடங்கள் வரிசையாக நிற்கின்றன.

வரவு: சம்பள உயர்வு. அக்கா பள்ளியில் கேட்டுப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷம் மிஸ், படிங்க" என்றார்கள். சந்தோஷத்துக்கு ரூபாய் மதிப்பு கிடையாது என்பதால், வலப்பக்கம் சைபர் போட்டேன். கீழே இரண்டு கோடு இழுத்து, 'நஷ்டம்' என்று எழுதி, கையெழுத்து ஒன்றுதான் போடவில்லை.

மாமா வேறு மாதிரி. அந்த வருஷம்தான் அவர்கள் பெண் காலேஜில் சேர வேண்டியிருந்தது. "ஒரே வீட்டுல அம்மாவும் பொண்ணும் பரீட்சை எழுதினா, சமையலை யாருங்க பண்றது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். சிரிப்புக்குப் பின்னால் நிஜமான கேள்வி இருந்தது. பெண்ணின் ஃபீஸுக்காக எடுத்து வைத்த பணத்தில் இதற்கும் கை வைப்பதா என்பதுதான் அது. அக்கா பதில் சொல்லவில்லை. மறு வாரம் அவளுடைய காதில் தோடு மாறியிருந்தது. கவரிங். யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

2022 ஜனவரி சேர்க்கையில் அவள் பேர் இருந்தது. மாமா யாரும் சொல்லாமலே சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் ஆறு மாதம் அது ரசமாக வந்தது என்பது வேறு விஷயம்.

* * *

விடியற்காலை நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை அக்காவின் காலேஜ். அந்த நேரத்தில் பீர்க்கன்கரணை எப்படி இருக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரோடில் லாரிச் சத்தம் ஓய்வதே இல்லை. ஆனால் தெற்கேயிருந்து வருகிற பஸ்கள் சென்னைக்குள் நுழைகிற நேரத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டாம். ஏரிப்பக்கம் நீர்க்கோழி கத்தும். ஐந்தரைக்குப் பால் பாக்கெட். அதோடு கல்லூரி மூடப்படும்.

முதல் மலை, இங்கிலீஷ். கணக்கை இங்கிலீஷில் நடத்துகிறவள்தான். ஆனால் பாரா பாராவாகக் கல்வித் தத்துவம் படிப்பது வேறு. 'பெடகாஜி' என்ற வார்த்தையை முதல் வாரம் பார்த்துவிட்டு, "இது ஏதோ வியாதி பேர் மாதிரி இருக்குடா" என்றாள். ஒரு பக்கத்தைப் படித்ததும் அதைத் தமிழில் நான்கு வரி எழுதிக்கொள்வாள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நான் பார்த்த அளவில், அச்சுப் புத்தகத்தை விட அது நன்றாகப் புரிகிறது.

அந்த நோட்டில்தான் ஒரு பக்கத்தில் 'லாரி' என்று தலைப்பு போட்டிருந்தது. அசலாக லாரி படமும் போட்டிருந்தாள். என்ன இது என்று கேட்டேன்.

ரிச்சர்ட் கிளார்க் என்று ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாடத்தை ரேடியோவில் சொன்னாலும் டி.வி.யில் சொன்னாலும் கம்ப்யூட்டரில் சொன்னாலும் அவையெல்லாம் வெறும் வண்டிகள். காய்கறி கொண்டு வருகிற லாரியால் நம் உடம்புக்குச் சத்து கூடுவதில்லை, அதே மாதிரி சாதனத்தால் படிப்பு கூடுவதில்லை என்பது அவர் வாதம். சாப்பாடுதான் முக்கியம், அதாவது பாடத்தை எப்படிச் சமைத்தோம் என்பது. "அப்படியில்லை, சில வண்டியால்தான் சில சரக்கைக் கொண்டு போக முடியும்" என்கிற பாணியில் ராபர்ட் கோஸ்மா என்பவர் 1991-ல் எதிர்வாதம் வைத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை.

"நீ எந்தக் கட்சி?" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு பேருமே லாரியையும் சரக்கையும்தான் பேசறாங்க. அந்தப் பையன் வீட்டுச் சந்துக்குள்ள பெரிய லாரி திரும்பாதுடா. என் வீடியோ அப்படித்தான் முக்குலயே நின்னுச்சு" என்றாள்.

நானும் அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நம் நாட்டிலேயே லாரிகள் நிறைய வந்திருக்கின்றன. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள். 2004-ல் கல்விக்கென்றே 'எஜுசாட்' செயற்கைக்கோள் பறந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் இலவச லேப்டாப். 2018-ல் புதுப் பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. ஒவ்வொன்றாலும் பலன் பெற்றவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் சந்து முனையில் நின்ற இடங்களும் உண்டு. எந்தச் சந்து என்பது அங்கே இருக்கிற டீச்சருக்குத்தான் தெரியும்.

* * *

பரீட்சைக்கு நகரத்துக்குள் வர வேண்டியிருந்தது. முதல் தடவை துணைக்கு நானும் போனேன். பெருங்களத்தூரில் கடற்கரை வண்டி. எதிர் சீட்டில் தலையைப் பின்னிக்கொண்டே நோட்ஸ் பார்க்கிற காலேஜ் பெண்கள். நடுவில் அக்கா, மடியில் டிபன் பாக்ஸோடு, அவர்களைப் போலவே நோட்ஸ் பார்த்தபடி. ஒரு பெண், "ஆன்ட்டி, நீங்க எந்த காலேஜ்ல வேலை பாக்கறீங்க?" என்று கேட்டது. "நானும் எக்ஸாம்தான்மா" என்றாள் அக்கா. அந்தப் பெண் சட்டென்று நகர்ந்து உட்கார்ந்து, "ஆல் த பெஸ்ட் ஆன்ட்டி" என்றது.

சைதாப்பேட்டை வந்தபோது, "இங்க டீச்சர் ட்ரெயினிங் காலேஜ் இருக்கு பாரு, அது 1856-ல ஆரம்பிச்சது" என்று காட்டினாள். எழும்பூர் வந்ததும் நோட்டை மூடிவிட்டாள். "இங்கிருந்துதாண்டா உலகத்துக்கே ஒரு பாடம் போச்சு."

கதை இதுதான். 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் இருந்த சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், பேனா வேண்டாம், தப்பாகப் போட்டால் கையால் அழித்துவிடலாம். தன் பள்ளி வாத்தியாரிடம், "நாளையிலிருந்து மணல்" என்றார். வாத்தியார் முடியாது என்றுவிட்டார். பெல் என்ன செய்தார்? அகரவரிசை வகுப்பை ஓர் எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். பையன் பெயர் ஜான் ஃப்ரிஸ்கென். அவன் சொல்லிக் கொடுத்தான். சின்னப் பசங்கள் கற்றுக்கொண்டார்கள்.

பெல் 1796-ல் ஊர் திரும்பி, மறு வருஷம் இதைப் புத்தகமாகப் போட்டார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரும் இந்த முறைக்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர் விழுந்து, இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நாம் மெட்ராஸைச் சென்னையாக்கிவிட்டோம். அவர்கள் மாற்றவில்லை.

"கடைசியில நம்ம மணலை அவர் பேர்ல எழுதிக்கிட்டார்" என்றேன் நான், பி.காம். புத்தியோடு.

"அதுவும்தான். அந்தத் திண்ணை வாத்தியார் யாருன்னே யாருக்கும் தெரியாது. அப்புறம் இதை வெச்சே நூத்துக்கணக்குல பசங்களை மலிவா ஒப்பிக்க வெச்சாங்கன்னும் குத்தம் சொல்றாங்க. எல்லாம் சரி. ஆனா, எட்டு வயசுப் பையனால முடியும்னு நம்பினார் பாரு, அது பெரிசு" என்றாள். கோட்டை ஸ்டேஷன் வரை அதைப் பற்றியே பேசினோம். படித்தது மறந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தவள் அன்றைக்குப் பரீட்சை ஹாலுக்குள் சிரித்துக்கொண்டே போனாள்.

* * *

எல்லாம் சுபம் என்று முடிக்கலாம்தான். ஆனால் 2023 டிசம்பரில் அக்கா கம்ப்யூட்டர் பேப்பரில் கோட்டை விட்டாள்.

பல வருஷமாகப் பிறத்தியார் பிள்ளைகளின் பேப்பரில் சிவப்பு மையால் வட்டம் போட்டவளுக்குத் தன் மார்க்கைப் பார்க்க முடியவில்லை. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். "போதும்டா. நீ அன்னிக்கே நஷ்டம்னு எழுதினே" என்று என்னிடம் போனில் சொன்னபோது, அந்த வெள்ளைத்தாளை நான் ஏன் எழுதினேன் என்று இருந்தது.

அந்த வாரம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அவளை ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். "மிஸ்!" மீசை அரும்பிய முகம். தண்ணி லாரி வீட்டுப் பையன்.

ஃபீஸ் கட்ட முடியாமல் 2021-லேயே அவனை அரசுப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். இப்போது ஒன்பதாவது. பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதாம்; சாயங்காலம் இந்தக் கடையில் உதவியாம். அக்கா கையில் இருந்த பாடக் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன மிஸ், எக்ஸெல் மாதிரி இருக்கு?" என்றான். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, மறைக்காமல் சொல்லிவிட்டாள். "இதுலதான்டா ஃபெயிலாயிட்டேன்."

பையன் சிரிக்கவில்லை. அதுதான் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது. சிரிக்கவே இல்லை. "இது ஈஸி மிஸ்" என்று கடை கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

இரண்டு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், கூட்டம் குறைந்த நேரத்தில் அவன் வாத்தியார். அவள் தப்பாக அழுத்தினால், "பரவாயில்ல மிஸ், அழிச்சிட்டுத் திரும்பப் போடலாம்" என்பானாம். பதிலுக்கு அவனுக்கு அல்ஜீப்ரா. ஆறாம் வகுப்பில் காலியிடம் விட்ட நோட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைக்காரர் இரண்டு பேருக்கும் டீ சொல்வார்.

அக்கா ஒரு நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள், 2020-ல் சொன்ன வார்த்தைக்காக. "எது மிஸ்?" என்றானாம். நிஜமாகவே மறந்துவிட்டானா, மறந்த மாதிரி காட்டினானா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

2024 ஜூனில் மறுபடி எழுதினாள். பாஸ்.

* * *

இப்போதும் அதே பள்ளி, அதே ஆறாம் வகுப்பு. சம்பளம் கூடவில்லை. ஒரு மாறுதல் உண்டு. புதிதாக ஸ்மார்ட் போர்டு மாட்டியபோது, மற்ற டீச்சர்களுக்குப் பழக்கிவிடும் வேலையை அக்காவிடம் கொடுத்தார்கள். முதல் நாள் எல்லோரும் பட்டன்களைப் பற்றி எழுதிக்கொள்ளப் பேனாவோடு உட்கார்ந்திருக்க, அக்கா போர்டை ஆன் செய்யவே இல்லையாம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, 'போன வாரம் நான் நடத்தியது புரியாத ஒரு பிள்ளையின் பெயர், ஏன் புரியவில்லை' என்று எழுதச் சொன்னாள். பாதிப் பேருக்குப் பெயர் தெரிந்தது. 'ஏன்' பலருக்கு எழுத வரவில்லை. "அங்கருந்துதான் ஆரம்பிக்கணும். போர்டு அப்புறம்" என்றாள். அப்புறம் கரண்ட் போய்விட்டது என்பதால் போர்டு மறுநாள்தான்.

இதைப் படிக்கிற டீச்சர் யாராவது 'நாமும் போகலாமா' என்று யோசித்தால், அக்கா சொல்லச் சொன்ன மூன்று விஷயம். ஒன்று: எடுத்த எடுப்பில் எம்.ஏ.வுக்குப் பணம் கட்ட வேண்டாம். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில், 2017-லிருந்து, ஆசிரியர்களுக்கான பாடங்களைச் செலவில்லாமல் படிக்கலாம். ஒன்றை முடித்துப் பார்த்து ருசி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு: பெரிய மிஷின் வாங்கும் ஆசையோடு போகாதீர்கள், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஏன் எட்டவில்லை என்கிற கேள்வியோடு போங்கள். மூன்று: ஃபெயிலானால் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

போன ஞாயிறு ஏரிக்கரைக்குப் போனோம். மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறியிருந்தது. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் கொக்கு. ரோட்டில் பஸ்கள் யாரையும் இறக்காமல் போய்க்கொண்டிருந்தன. கரையில் இரண்டு வாண்டுகள் குச்சியால் ஈர மண்ணில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தன. பெரியது சின்னதின் கையைப் பிடித்து 'அ' போட வைத்தது. அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். "கிளம்பலாமா?" என்று நான் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

அந்தப் பழைய வெள்ளைத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். மனசு வரவில்லை. பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் டேலி ஆகாதபோது வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு கணக்கில் போட்டு வைப்போம், பிழை எங்கே என்று பிற்பாடு தெரியும் என்ற நம்பிக்கையில்.

போட்டு வைத்திருக்கிறேன். பிழை என்னுடையதுதான் என்று இப்போதே தெரியும்!